ஓர் எண் தள்ளிப்போன காலை: இறக்கக்கண்டியில் குருவிக்கு வளையமிட்ட ஒரு நிகழ்வின் ஆய்வு

"இருபத்தொன்பது" என்றார் அண்ணை. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கையிலிருந்த குருவியின் காலில் கிடந்த எண் வளையத்தை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார். "ஓம், இருபத்தொன்பதுதான்."

நான் கொப்பியைப் புரட்டினேன். பன்னிரண்டு நாளுக்கு முந்திய பக்கம். 29க்கு எதிரே என் கையெழுத்திலேயே தெளிவாக இருந்தது: பழுப்பு ஈப்பிடிப்பான்.

அவர் கையில் இருந்தது ஈப்பிடிப்பான் இல்லை, நாணல் கதிர்க்குருவி. இரண்டும் மண்ணிறம், இரண்டும் ஏறக்குறைய பத்துக் கிராம், தூரத்தில் பார்த்தால் பழக்கமில்லாதவர் குழம்பலாம். கையில் வைத்துக்கொண்டு குழம்ப முடியாது. ஈப்பிடிப்பானுக்குப் பெரிய உருண்டைக் கண், அடியில் அகன்ற தட்டையான அலகு, இருக்கிறதா என்று தேட வேண்டிய குட்டைக் கால். கதிர்க்குருவிக்கு ஊசி அலகு, சப்பை நெற்றி, தண்டைப் பற்றிப் பற்றித் தாவுவதற்கென்றே அமைந்த நீண்ட வலுவான கால். வளையம் கிடந்தது அந்த நீண்ட காலில்.

பன்னிரண்டு நாளில் ஒரு பறவை இனம் மாறாது. வளையத்தில் உள்ள எண் இயந்திரத்தில் பொறித்தது, கொப்பியில் உள்ளது நான் எழுதியது. பிழை யார் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது எங்கே தொடங்கியது, எத்தனை பறவையைத் தொட்டது, திருத்த முடியுமா என்று பார்க்க அன்றைய பகல் முழுவதும் போய்விட்டது. பறவை ஆய்வில் பறந்துபோன தூரத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். கொப்பியில் நடக்கும் விபத்தைப் பற்றி எழுதுபவர் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இடம், காலம், ஆட்கள்

திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளி தாண்டினால் இறக்கக்கண்டி. களப்புக்கும் வீதிக்கும் நடுவில் பனையும் பற்றையுமாக ஒரு காணி. சூரை, கிளா, ஈச்சை, நாயுண்ணி, ஓரத்தில் களப்பை ஒட்டிக் கண்டல். மனிதர் நுழைய ஆசைப்படாத முள். குருவிக்கு அதுதான் வேண்டும்.

புத்தகத்தில் இதை வசந்த கால வலசை என்பார்கள். நமக்கு வசந்தம் என்று தனியாக ஒன்று வந்து கதவைத் தட்டுவதில்லை. மாரி மழையில் பச்சை பிடித்த பற்றை மாசி, பங்குனியில் மெல்ல வெளிறும். சித்திரை வருடப்பிறப்பு முடிந்து வைகாசி வர, மேற்கிலிருந்து கச்சான் அனலாக அடிக்கத் தொடங்கும் (தின்கிற கச்சான் இல்லை, காற்று). வாடையோடு வந்த குருவிகள் கச்சானுக்கு முன் புறப்பட்டுவிடும். அந்த இடைப்பட்ட ஆறேழு வாரம்தான் இங்கே வடக்கு நோக்கிய வலசைக் காலம்.

நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு, புறப்படும் நேரத்தைக் குருவி எப்படி அறிகிறது என்ற கேள்வி எனக்குப் படிப்பிக்கும் காலத்திலிருந்தே உண்டு. ஐரோப்பாவில் பகல் நீள்வது கண்ணுக்கே தெரியும். திருகோணமலையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். 1960களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் எபர்ஹார்ட் குவின்னர் கதிர்க்குருவிகளைக் கூட்டில் வைத்து, பன்னிரண்டு மணித்தியால வெளிச்சம், பன்னிரண்டு மணித்தியால இருட்டு என்று மாறாமல் கொடுத்துப் பார்த்தார். வெளியே எந்தக் குறிப்பும் இல்லாமலேயே அவை பருவம் வந்ததும் இறகு உதிர்த்தன, கொழுப்புச் சேர்த்தன, இரவில் பறக்கத் துடித்தன. உள்ளே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. எங்கள் பற்றைக்குள் நாள் முழுக்க 'டக்... டக்...' என்று நாக்கைத் தட்டுகிற அந்தக் குருவிக்குள்ளும் அது ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்கள் நாலு பேர். வளையமிடப் பயிற்சி பெற்ற அண்ணை ஒருவர். அவரில்லாமல் எங்களில் யாரும் வலையைத் தொடவே முடியாது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ள நாடு இது. ஆய்வுக்கென்றாலும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிக் கடிதத்தோடுதான் பறவையைப் பிடிக்கலாம். அடுத்தது கம்பஸில் படிக்கும் தங்கச்சி ஒருத்தி, படம் எடுப்பது அவள் வேலை. மூன்றாவது, பக்கத்துக் கரையில் மீன்பிடிக்கிற நானா. நாலாவது, கொப்பி எழுதும் நான், பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சர்.

நானாவைப் பற்றி ஒரு வார்த்தை. மிஸ்ட் நெட் என்கிற அந்த வலை தலைமயிர் போன்ற கறுப்பு நூலில் பின்னியது. பன்னிரண்டு மீற்றர் நீளம், ஆளுயரத்துக்கு மேல் உயரம், குறுக்கே தொட்டில்போல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். குருவி மோதி அந்த மடிப்புக்குள் விழும். முதல் நாள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நானா சொன்னார்: "எங்கட வலைய விட மெல்லிசுதான் ரீச்சர். ஆனா வேல ஒண்டுதான்." அடுத்த நாளே மாடொன்று வலைக்குள்ளால் நடந்துபோய் ஒரு பெரிய ஓட்டை. அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். நானா மடியிலிருந்து ஊசியை எடுத்து, குந்தியிருந்து, வெயில் ஏறுவதற்குள் பொத்திக் கொடுத்துவிட்டார். அது நோன்பு காலம். சஹருக்கு எழும்பிய கையோடு நேரே எங்களிடம் வந்துவிடுவார். விடியமுன் வலை விரிக்க வேண்டிய வேலைக்கு அதைவிடத் தோதான ஆள் கிடைக்காது.

ஆறுமணிக்குருவி கூப்பிடும்போது வலை விரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. பற்றையின் அடியில் எங்கோ நின்று விடியலிலும் பொழுதுபடவும் இரண்டு சீட்டி அடிக்கும் பறவை, அதுவும் இமயமலை அடிவாரம் வரை போய்க் குஞ்சு பொரிக்கிற வலசைக்காரன்தான். ஒரு வேடிக்கை: இத்தனை ஒழுங்காகக் கூப்பிடுகிற ஆறுமணிக்குருவியைப் பறவையியலாளர்கள் 'பாடும் பறவைகள்' வகுப்பில் சேர்ப்பதில்லை. குரல் பெட்டியின் தசை அமைப்பு வேறாம். இங்கே வந்தால் பாட மறுத்து 'டக்' என்று மட்டும் சொல்லும் கதிர்க்குருவிதான் அசல் பாடகர். அந்தப் பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் ரஷ்யாவுக்குப் போக வேண்டும்.

வளையம் என்ற சின்னச் சாமான்

1890இல் டென்மார்க்கின் விபோர்க் நகரத்து ஆசிரியர் ஹான்ஸ் மோர்டென்சன் மைனா இனத்துப் பறவைகள் இரண்டுக்குத் துத்தநாக வளையம் போட்டுப் பார்த்தார். பாரம் கூடிப்போனது. 1899இல் அலுமினியத்துக்கு மாறி, எண்ணும் ஊர்ப்பெயரும் பொறித்து 165 பறவைகளை விட்டார். இன்றைக்கும் அதே முறைதான். எங்கள் கதிர்க்குருவிக்குப் போடும் வளையம் 0.04 கிராம் அளவில்தான் வரும். கையில் விழுந்தால் அரிசிக் குறுணை விழுந்தது போலத்தான் தெரியும், பிறகு மணலில் தேட வேண்டும்.

மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பொருத்திய கடற்காகம் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போன கதையைப் பலரும் வாசித்திருப்பார்கள். குருவிக்கு ஏன் அதைக் கட்டுவதில்லை என்று கேட்பார்கள். பத்துக் கிராம் பறவையின் முதுகில் அரைக் கிராம் ஏற்றுவதே அதிகம். அதனால் குருவி விடயத்தில் இன்னும் வளையமும் கொப்பியும்தான். இலங்கையில் 2005இலிருந்து பூந்தல தேசியப் பூங்காவில் நடந்துவரும் தேசிய வளையமிடல் திட்டத்திலும் அடிப்படை இதுதான்: ஒரு எண், ஒரு பறவை, ஒரு வரி.

அந்த வரி சரியாக இருக்கும் வரைக்கும்தான் எண்ணுக்கு மதிப்பு.

அந்தச் சனிக்கிழமை

வளையங்கள் வரிசை எண்ணில் ஒரு கம்பியில் கோத்து வரும். அண்ணை கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவார், நான் எழுதுவேன். எண்கள் நீளமானவை, கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் இங்கே சொல்கிறேன். ஒரு கம்பியில் 50. சனிக்கிழமை காலையில் 21இலிருந்து தொடங்க இருந்தோம்.

முதல் நாள் இரவு நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். வரிசையாகத்தானே வரப்போகிறது என்று 21, 22, 23 என்று பக்கத்தின் ஓரத்தில் கடைசி வரை எண்களை எழுதி வைத்துவிட்டேன். காலையில் நேரம் மிச்சமாகும், பறவையும் கையில் குறைந்த நேரம் இருக்கும் என்பது என் நினைப்பு. நல்ல எண்ணம்தான். முழுப் பிழையும் அங்கேதான் பிறந்தது.

அன்று காற்று விழுந்து, வானம் மூடிக் கிடந்தது. வலை கண்ணுக்குத் தெரியாத நாள். குருவிகள் வந்து வந்து விழுந்தன. இருபது நிமிடத்துக்கு ஒரு சுற்று வலை பார்க்க வேண்டும். கீச்சான் நின்றால் அதைவிடக் கெதியாகப் பார்க்க வேண்டும், வலையில் மாட்டிய சின்னக் குருவியை வந்து கொத்திக் கொன்றுவிடும். பழுப்புக் கீச்சான் ஒன்று தானே மாட்டி, அண்ணையின் விரலைப் பிய்த்த பிறகுதான் பெரிய வளையம் போட்டுக்கொண்டு போனது. மரக்கிளையில் தொங்கிய துணிப்பைகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு வெயில் ஏறுமுன் எல்லாவற்றையும் அளந்து விட வேண்டும். சின்ன வளையம் மட்டும் பதினாலு போட்டோம்.

இடையில் ஒரு வளையம் கோணலாக மூடிவிட்டது. வளையம் வாய் திறந்த 'சி' வடிவத்தில் இருக்கும். குறட்டின் ஓட்டைக்குள் வைத்துக் காலைச் சுற்றி அமத்த வேண்டும், இரண்டு முனையும் நேருக்கு நேர் முட்ட வேண்டும். கொஞ்சம் சரிந்தால் ஒரு முனை மற்றதன் மேலே ஏறிவிடும். அப்படியே விட்டால் காலை நெரிக்கும். கழற்றத்தான் வேண்டும், கழற்றுவதுதான் கஷ்டம். நானா தன்னிடமிருந்த தங்கூசியில் இரண்டு துண்டு வெட்டித் தந்தார். வளையத்துக்கும் காலுக்கும் நடுவில் அந்த மெல்லிய நைலோன் நூல்களைச் செருகி, ஒன்றை அண்ணை ஒரு பக்கம் இழுக்க, மற்றதை நானா எதிர்ப்பக்கம் இழுத்தார். குருவியின் கால் நடுவில் அசையவே இல்லை. மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். வளையம் மெல்ல வாய் திறந்தது. அண்ணை அதை எடுத்து எங்கோ வைத்தார், கம்பியிலிருந்து அடுத்ததைக் கழற்றிப் போட்டார், "சரி, சிறகு" என்று அளவுகோலை எடுத்தார்.

நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிட்டு, ஓரத்தில் ஏற்கெனவே எழுதியிருந்த எண்ணுக்கு எதிரே சிறகின் நீளத்தை எழுதினேன். எண்ணைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தேடினது

பன்னிரண்டு நாள் கழித்து, பாடசாலை லீவு விட்டிருந்த வியாழக்கிழமை, முதல் சுற்றிலேயே 29 மாட்டியது. புது வளையம் எதுவும் அன்று இன்னும் போடவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம்.

குருவியை அளந்து விட்டவுடனே செய்தது, கம்பியில் மிச்சத்தை எண்ணியது. கொப்பியில் சனிக்கிழமையின் கடைசி எண் 34. ஆகவே பதினாறு மிச்சம் இருக்க வேண்டும். இருந்தது பதினைந்து. கம்பியில் முதலாவதாக நின்ற வளையத்தின் எண் 36. ஒரு வளையம் பறவைக்கும் போகாமல், கொப்பிக்கும் வராமல் காணாமல் போயிருக்கிறது. அதற்குப் பிறகு எழுதிய எல்லா வரியும் ஒவ்வொன்று பிந்தி நிற்கிறது. அப்படியென்றால் 29 போட்ட குருவியின் உண்மையான வரி, கொப்பியில் 28. அங்கே பார்த்தேன்: நாணல் கதிர்க்குருவி, சிறகு 62 மில்லிமீற்றர். கையில் அளந்ததும் 62. அதுவரை சரி.

எங்கிருந்து தள்ளியது என்பதுதான் அடுத்த கேள்வி. தங்கச்சியின் போனில் இருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் வளையம் இறகுக்குள் மறைந்திருந்தது. இரண்டு படம் உதவின. கொப்பியில் 22 என்றிருந்த ஆண் மாம்பழச்சிட்டு, படத்திலும் 22. கொப்பியில் 26 என்றிருந்த தையல்சிட்டு, படத்தில் 27. ஆக, காணாமல் போன வளையம் 23 தொடக்கம் 26 வரை உள்ளதில் ஒன்று. கொப்பியின்படி 23 பெண் மாம்பழச்சிட்டு, 24உம் 25உம் கதிர்க்குருவிகள், 26 தையல்சிட்டு.

அண்ணைக்குக் கோணல் வளையம் ஞாபகம் இருந்தது, எந்தப் பறவை என்று ஞாபகம் இல்லை. "சேட்டுப் பொக்கெற்றுக்குள்ள வச்சிருப்பன்" என்றார். சேட்டு அதற்குள் இரண்டு தரம் தோய்த்தாகிவிட்டது. வீட்டிலிருந்து மா அரிக்கும் அரிதட்டைக் கொண்டுவந்து நாங்கள் இருந்த இடத்து மணலை அரித்துப் பார்த்தோம். ஆட்டுப் புழுக்கை, சிப்பித்துண்டு, ஒரு பழைய பொத்தான். வளையம் இல்லை.

பறவையைச் சொன்னது நானா. "அந்த டக்கு குருவிட கால்லதானே? நான்தானே நூல் புடிச்ச. மஞ்சக் குருவி ரெண்டும் போனதுக்குப் பொறகு." மாம்பழச்சிட்டு இரண்டையும்தான் அவர் மஞ்சக் குருவி என்கிறார். நாற்பது வருடம் நூல் பிடித்த கை, எந்தக் காலில் பிடித்தது என்று மறக்காது போலும். நான் அவர் வார்த்தையை நம்பினேன், படங்களும் அதற்கு மாறாக எதுவும் சொல்லவில்லை.

ஆனால் டக்கு குருவி இரண்டு, ஒரே வலையில் ஒரே சுற்றில் விழுந்தவை. முதலாவதா, இரண்டாவதா? அது நானாவுக்கும் தெரியவில்லை. காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். கோணலானது முதலாவதின் வளையம் என்றால் தொலைந்தது 24. முதலாவது 25ஐயும் இரண்டாவது 26ஐயும் போட்டிருக்கும். கோணலானது இரண்டாவதினது என்றால் தொலைந்தது 25. முதலாவது 24, இரண்டாவது அப்போதும் 26தான். ஆக இரண்டாவது குருவியில் பிரச்சினை இல்லை. முதலாவதுதான் 24 அல்லது 25. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் தங்கச்சி சொன்னாள்: "ரீச்சர், அதிலயும் பிரச்சினை இல்லைதானே. ரெண்டில ஒரு வளையம்தான் பறவையில இருக்கு. 24 வந்தாலும் 25 வந்தாலும் அதே குருவிதான்." பதினைந்து வருடம் படிப்பிக்கிற எனக்கு அது உடனே ஓடவில்லை.

25இலிருந்து 34 வரை பத்து வரியைத் திருத்தினேன், பதினோராவதாக அந்த 24/25. பழைய எண்ணை அழிக்கவில்லை. சிவப்புப் பேனையால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் புது எண், திகதி, கையெழுத்து. வெள்ளை மை பூசினால் பின்னால் வருபவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. கணினியில் ஏற்றியிருந்த பிரதியும் அதே இரவில் திருத்தப்பட்டது.

பிழை தெரிந்தது எங்கள் கெட்டித்தனத்தால் இல்லை

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 29க்கு எதிரே ஈப்பிடிப்பான் என்றிருந்ததால்தான் பிழை முகத்தில் அடித்தது. அதே பக்கத்தில் 31, 32 இரண்டும் கதிர்க்குருவிகள். சிறகு 62, 63, நிறை 10.9, 12.3. அன்று 29க்குப் பதில் 32 மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொப்பியைப் பார்த்திருப்பேன், கதிர்க்குருவி என்றிருக்கும், சிறகில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம், ஆளுக்கு ஆள் அளப்பதில் வருவதுதான், சரி என்று அடுத்த பைக்குப் போயிருப்பேன். இன்னொரு குருவியின் நிறையை இதன் தலையில் கட்டி, "பன்னிரண்டு நாளில் இவ்வளவுதான் கூடியது" என்று ஒரு வரியும் எழுதியிருப்பேன். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அபத்தமாகத் தெரிகிற பிழையைப் பிடிக்கலாம். நியாயமாகத் தெரிகிற பிழை அப்படியே நின்றுவிடும்.

வெளியே போனால் இன்னும் சிக்கல். கடலுக்கு அந்தப் பக்கம் கோடியக்கரை, திருகோணமலையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 240 கிலோமீற்றர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வளையமிட்டுவரும் இடம். எங்கள் 29 அங்கே ஒரு வலையில் விழுந்து, அவர்கள் எண்ணை எழுதி அனுப்பியிருந்தால், இங்கிருந்து போகும் பதில் "ஈப்பிடிப்பான்" என்றிருக்கும். வளையமிட்ட சின்னக் குருவிகளில் வேறிடத்தில் மறுபடி கிடைப்பது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த அபூர்வமான ஒன்று வந்து சேரும் வரியில் இப்படியொரு பதில் இருந்தால், அத்தனை காலைத் தூக்கமும் வீண்.

குருவி சொன்னது

எண் சரியானதும் அந்த ஒரு குருவியின் கதை தானாகத் திறந்தது. முதல் தரம் 10.8 கிராம். இரண்டாம் தரம் 13.4. சிறகு அதேதான்.

நிறையைவிட வயிற்றைப் பார்த்தால் கதை இன்னும் தெளிவு. குருவியை மல்லாக்கப் பிடித்து நெஞ்சில் மெல்ல ஊதினால் இறகு விலகும், தோல் கண்ணாடிபோல உள்ளே காட்டும். கழுத்தெலும்பு கவட்டையாகப் பிரியும் இடத்தில் ஒரு குழி உண்டு. சனிக்கிழமை அந்தக் குழி வெறுமையாக, சுற்றிச் சிவந்த தசை மட்டும் தெரிந்தது. வியாழக்கிழமை குழி நிரம்பி, உறைந்த நெய்போல மஞ்சளாகப் பிதுங்கி நின்றது. கொழுப்பை 0 தொடக்கம் 8 வரை புள்ளி போட்டு எழுதுவது வழக்கம். முதலில் 1 என்றிருந்தது, இப்போது 5.

கொழுப்புத்தான் பயண எண்ணெய். ஒரு கிராமுக்கு மாச்சத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி, அதோடு தண்ணீரைச் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை. இந்த அளவுக் குருவி பறக்கும்போது மணித்தியாலத்துக்குத் தன் நிறையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கை எரிக்கும் என்று வைத்துக்கொண்டால், கூடிய 2.6 கிராமுக்கு இருபது மணித்தியாலத்துக்குச் சற்று மேல் பறக்கலாம். மணிக்கு 35 கிலோமீற்றர் என்றால் 700, 750 கிலோமீற்றர், அதாவது சென்னையைத் தாண்டி நெல்லூருக்கும் சற்று அப்பால். காற்று எதிர்த்தால் குறையும், தள்ளினால் கூடும். பற்றைக்காட்டுப் பூச்சியையும் சிலந்தியையும் தின்று பன்னிரண்டு நாளில் சேர்த்தது இவ்வளவு. நெல்லூர் அதன் ஊர் இல்லை. இந்த இனம் கூடு கட்டுவது பின்லாந்து, ரஷ்யா தொடக்கம் மத்திய ஆசியா வரை. பின்லாந்து என்றால் நேர்க்கோட்டிலேயே 7,000 கிலோமீற்றருக்கு மேல். எங்கள் குருவி எந்த மூலைக்கு உரியது என்று இறகைப் பார்த்துச் சொல்ல முடியாது. கல்கத்தா அருங்காட்சியகத்தில் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளித் 1849இல் இந்த இனத்தை முதன்முதலில் விவரித்தபோது அவர் கையில் இருந்ததும் இந்தியாவில் கிடைத்த பறவைதான்.

இந்த இனம் குளிர்காலத்தில் ஒரே பற்றையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். 29 இரண்டு தரமும் விழுந்தது அதே வலையில், ஈச்சம்பற்றைக்கும் கிளாவுக்கும் இடையில். போகிற வழியில் இறங்கின பறவை இல்லை, இங்கேயே பாய் விரித்துப் படுத்திருந்தது. அதனால்தான் இந்தக் காணியில் முள்ளை வெட்டித் துப்புரவாக்கி ஹோட்டல் கட்டுகிற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒன்றுக்கும் உதவாத பற்றை.

பிறகு

எண்ணை முன்கூட்டி எழுதுவதை நிறுத்திவிட்டேன். வளையத்தைப் போட்டு முடித்த பிறகு அண்ணை காலில் உள்ளதை வாசிப்பார், கம்பியில் உள்ளதை அல்ல. நான் திருப்பிச் சொல்வேன், அவர் "ஓம்" என்ற பிறகுதான் பேனை காகிதத்தில் படும். கோணலான வளையம் செலோரேப்பில் ஒட்டி அதே பக்கத்திலேயே இருக்கும். வலை சுருட்டுமுன் கம்பியில் மிச்சத்தைச் சத்தமாக எண்ணுவோம். இதனால் ஒரு குருவிக்குப் பத்து விநாடி கூடச் செலவாகிறது. முதலில் அதை மிச்சம் பிடிக்கத்தான் நான் இத்தனையும் செய்தேன் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு வலையில் விழுந்ததெல்லாம் உள்ளூர்க்காரர்தான். கொண்டைக்குருவி, தையல்சிட்டு, தவிட்டுக்குருவி. பற்றைக்குள் 'டக்' சத்தம் ஒரு காலையில் குறைந்தது, அடுத்த வாரம் இல்லை. ஆறுமணிக்குருவியும் கூப்பிடவில்லை. நானா நோன்பு முடித்து, பெருநாளும் கழிந்து, தேத்தண்ணிப் போத்தலோடு வரத் தொடங்கியிருந்தார்.

கடைசி நாள் கம்பியை எண்ணினோம். நாலு. கொப்பியில் அடுத்த எண் 47. சரி.

நானா தடியைப் பிடுங்கி வலையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "அது என்ன ரீச்சர் கடைசியில? இருபத்தி நாலா, இருபத்தஞ்சா?"

"தெரியாது நானா. அது திரும்ப வலையில விழவேயில்லை."

"வாடைக்கு வரும்தானே" என்றுவிட்டு, வலையை மடித்துப் பையில் வைத்தார்.